எக்கோலிங்க் நோடு தகராறு செய்கிறதா? அறிகுறியைப் பிடித்துக் கோளாறைத் தேடும் வழி

ஹாம் (அமெச்சூர்) ரேடியோவையும் கணினியையும் கேபிளால் கோத்து எக்கோலிங்க்கில் ஏற்றிவிட்டால், இடுப்பில் செருகிய ஹேண்டியிலிருந்து (கையடக்க ரேடியோ) பேசுவது கடல் தாண்டிக் கேட்கும். ரேடியோப் பேச்சை இணையம் வழியே கடத்த, கே1ஆர்எஃப்டி என்ற கால்சைன் (உரிம அழைப்புக் குறி) கொண்ட ஜோனதன் டெய்லர் 2002-இல் வெளியிட்ட மென்பொருள் இது. இன்றும் புதிதாக நோடு (ரேடியோவை இணையத்தோடு இணைக்கும் நிலையம்) அமைக்கிற ஒருவர் இதில் தொடங்குவதுண்டு, பெரும்பாலும் முதல் வாரத்திலேயே எங்காவது மாட்டிக்கொள்கிறார்.

மாட்டிக்கொள்வதற்குக் காரணம், இது ஒரே கருவி அல்ல. இணையம், கணினியின் ஒலி அமைப்பு, நடுவில் இருக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டி, ரேடியோ என்று நான்கு கண்ணிகள். வலி ஒரு கண்ணியில் தெரியும், நோய் இன்னொன்றில் இருக்கும். ரேடியோ கீ ஆகவில்லை (ஒலிபரப்பத் தொடங்கவில்லை) என்று கேபிளைப் பிரித்துக்கொண்டிருப்போம். மென்பொருளில் காம் போர்ட் (சீரியல் இணைப்பு) எண் மாறியிருக்கும். ஆகவே எதையும் கழற்றுவதற்கு முன் சங்கிலியை நடுவில் வெட்டிப் பார்க்க வேண்டும்.

முதலில் ரேடியோவை மொத்தமாக ஒதுக்குங்கள். எக்கோலிங்க்கைத் தனிப் பயனர் முறைக்கு மாற்றி, சாதாரண ஹெட்செட்டை மாட்டி, 9999 என்ற நோடோடு இணையுங்கள். அது எக்கோடெஸ்ட் என்னும் சோதனை நிலையம். நீங்கள் பேசியதைப் பதிந்து உங்களுக்கே திருப்பிப் போடும். உங்கள் குரல் தெளிவாகத் திரும்பி வந்தால் இணையமும் மென்பொருளும் சரி. இனி இன்டர்ஃபேஸ் பக்கமும் ரேடியோ பக்கமும் தேடினால் போதும். குரல் வரவில்லை என்றால் சால்டரிங் அயர்னைத் தொடவே வேண்டாம், கோளாறு கேபிளில் இல்லை.

அடுத்து, ரேடியோவைச் சேர்க்கும்போது ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு 50 ஓம் டம்மி லோடை (அலையைக் காற்றில் விடாமல் வெப்பமாக்கும் சுமை) மாட்டுங்கள். பவரைக் கடைசிப் படிக்கு இறக்குங்கள். இரண்டாவது ஹேண்டி ஒன்றைப் பக்கத்து அறையில் அதே அலைவரிசையில் வைத்துக் கேளுங்கள். அலைவரிசை எல்லோருக்கும் பொது. கீ சிக்கிக்கொண்ட நோடு ஒன்று அரை மணி நேரம் கேரியரை (பேச்சில்லாத வெறும் அலையை) விட்டுக்கொண்டிருந்தால், அவசரமாகப் பேச வேண்டிய ஒருவர் அங்கே வாயைத் திறக்க முடியாது. சோதனை முழுவதும் டம்மி லோடில்தான்.

நிலையப் பட்டியல் வருகிறது, யாரோடும் இணையவில்லை

அடிக்கடி காணும் அறிகுறி இதுதான். பட்டியல் வருவதால் இணையம் சரி என்று நம்பிவிடுகிறோம். பட்டியல் வருவது டி.சி.பி. 5200 வழியாக. அது உள்ளிருந்து வெளியே போகும் இணைப்பு என்பதால் ரௌட்டர் பொதுவாகத் தடுக்காது. உரையாடல் நடப்பதோ யு.டி.பி. 5198, 5199 இரண்டிலும். குரல் 5198-இல், கட்டுப்பாட்டுச் செய்திகள் 5199-இல். இவை இரண்டும் வெளியிலிருந்து உள்ளே வர வேண்டும். ரௌட்டரில் இவற்றை உங்கள் கணினிக்குத் திருப்பிவிடாவிட்டால் இணைக்க முயன்று முயன்று நேரம் முடிந்துபோகும்.

போர்ட் ஃபார்வர்டிங் போட்டாயிற்று, நேற்று வரை வேலை செய்தது, இன்று இல்லை என்றால் கணினியின் உள் முகவரியைப் பாருங்கள். மின்சாரம் போய் வந்தபோது ரௌட்டர் வேறு முகவரி கொடுத்திருக்கும். ஃபார்வர்டிங் பழைய முகவரிக்கே, அதாவது இல்லாத கணினிக்குப் போய்க்கொண்டிருக்கும். ரௌட்டரிலேயே அந்தக் கணினிக்கு நிலையான முகவரி ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை திரும்ப வராது. விண்டோஸ் ஃபயர்வாலையும் ஒரு பார்வை பாருங்கள். எக்கோலிங்க்குக்குத் தனிப்பட்ட நெட்வொர்க்கில் மட்டும் அனுமதி கொடுத்திருந்து, உங்கள் இணைப்பு பொது நெட்வொர்க் என்று குறிக்கப்பட்டிருந்தால் கதவு மூடியேதான் இருக்கும். டூல்ஸ் மெனுவில் உள்ள ஃபயர்வால் சோதனையை ஓட்டினால் இரண்டு போர்ட்டும் திறந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

எல்லாம் சரியாக இருந்தும் சோதனை தோற்கிறதா? ரௌட்டரின் நிலைப் பக்கத்தில் வெளி முகவரி என்ன என்று பாருங்கள். அது 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரைக்குள்ளோ தொடங்கினால், உங்கள் சேவை நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறது. மொபைல் இணையத்தில் இது சகஜம். அந்த நிலையில் உங்கள் ரௌட்டரில் என்ன போட்டாலும் பயன் இல்லை, கதவு உங்கள் கையிலேயே இல்லை. அப்போது எக்கோலிங்க் பிராக்ஸிதான் வழி. அது வழக்கமாக டி.சி.பி. 8100 வழியாக வெளியே போகும் இணைப்பு, எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டாம். ஒரு பிராக்ஸியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். எனவே எப்போதும் ஓடும் நோடுக்குப் பொதுப் பிராக்ஸியைப் பிடித்து வைத்துக்கொள்வது முறையல்ல, பொது முகவரி உள்ள ஓரிடத்தில் சொந்தமாக ஒன்றை நிறுவிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: ஒரே பொது முகவரிக்குப் பின்னால் இரண்டு எக்கோலிங்க் ஓடாது. மாடிக் கணினியில் இன்னொன்று திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பட்டியலே வரவில்லை என்றால் விஷயம் வேறு. ஒன்று 5200 வெளியே போகவில்லை, அல்லது கால்சைன் சரிபார்ப்பு முடியவில்லை. ஒரே அலைவரிசையில் பேசும் சிம்ப்ளெக்ஸ் லிங்க்குக்குக் கால்சைனின் பின்னால் எல் ஒட்டு, கேட்டதை மறுஒலிபரப்பும் ரிப்பீட்டருக்கு ஆர் ஒட்டு. ஒட்டோடு சேர்ந்த கால்சைனுக்குச் சரிபார்ப்பு தனியாக நடக்க வேண்டும்.

இணைகிறது, ஒரு பக்கம்தான் கேட்கிறது

அவர்கள் பேசுவது உங்களுக்கு வரவில்லை என்றால் 5199 திறந்து 5198 மூடியிருக்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள். உங்கள் பேச்சு அவர்களுக்குப் போகவில்லை என்றால் கணினிக்குள் பாருங்கள். நீங்கள் பேசும்போது எக்கோலிங்க்கின் ஒலிப் பட்டை அசைகிறதா? அசையவே இல்லை என்றால் விண்டோஸின் தனியுரிமை அமைப்பில் டெஸ்க்டாப் நிரல்களுக்கு மைக்ரோஃபோன் அனுமதி அணைந்திருக்கலாம். பெரிய புதுப்பிப்பு ஒன்று வந்த மறுநாள் நோடு ஊமையானால் நேராக அங்கே போங்கள்.

யு.எஸ்.பி. சவுண்ட் கார்டை ஒரு துளையிலிருந்து உருவி அடுத்த துளையில் செருகினாலும் விண்டோஸ் அதைப் புதுச் சாதனமாக எடுத்துக்கொள்ளக்கூடும். எக்கோலிங்க் பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும். துளைக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வையுங்கள்.

இதோடு சேர்த்து இரண்டு வேலை. ரேடியோவுக்குப் போகும் சவுண்ட் கார்டை விண்டோஸின் இயல்புச் சாதனமாக விடாதீர்கள். விட்டால் மின்னஞ்சல் வந்த மணியோசையும் காற்றில் ஏறிவிடும். ஒலி அமைப்பின் தகவல்தொடர்புப் பக்கத்தில், அழைப்பு நடக்கும்போது மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைக்கும் தேர்வு இயல்பாகவே இருக்கும். அதை எதுவும் செய்யாதே என்று மாற்றுங்கள். நடுவில் காரணமே இல்லாமல் ஒலி இறங்கினால் ஆள் பெரும்பாலும் இதுதான்.

ரேடியோ கீ ஆகவே இல்லை

ரேடியோ பக்கத்திலிருந்து தொடங்குங்கள். இன்டர்ஃபேஸைக் கழற்றிவிட்டு, சாக்கெட்டில் பி.டி.டி. (பேச அழுத்தும் பொத்தான்) முனையை ஒரு துண்டுக் கம்பியால் தரைமுனையோடு தொடுங்கள். கீ ஆனால் ரேடியோ சரி. ஆகவில்லை என்றால் பின்னைத் தவறாக எண்ணியிருக்கிறோம். பல மொபைல் ரேடியோக்களின் பின்புறம் உள்ள 6 பின் மினி டின் டேட்டா சாக்கெட்டில் 1 ஒலி உள்ளே, 2 தரை, 3 பி.டி.டி., 4 என்பது 9600 வெளியீடு, 5 என்பது 1200 வெளியீடு (இவை தரவு வேகங்கள்), 6 ஸ்குவெல்ச் (சிக்னல் இல்லாதபோது ஒலியை அடைக்கும் சுற்று). கையேட்டில் உள்ள படம் சாக்கெட்டை முன்னாலிருந்து பார்ப்பது. பிளக்கின் முனைகள் நீட்டிய முகம்தான் அதன் கண்ணாடிப் பிம்பம், சால்டர் பக்கம் படத்தின் அதே வரிசை. இந்த இடத்தில் சறுக்காதவர் குறைவு.

ரேடியோ சரி என்றால் அடுத்து காம் போர்ட். டிவைஸ் மேனேஜரில் இருக்கும் எண்ணும் எக்கோலிங்க்கின் டி.எக்ஸ். (ஒலிபரப்பு) கன்ட்ரோல் பக்கத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா? உங்கள் பெட்டி சீரியல் போர்ட்டின் ஆர்.டி.எஸ். கம்பியைப் பார்க்கிறதா, டி.டி.ஆர். கம்பியையா? மல்டிமீட்டரை அந்தக் கம்பியில் வைத்து டிரான்ஸ்மிட் கொடுங்கள். மின்னழுத்தம் மாறினால் மென்பொருள் தன் வேலையைச் செய்துவிட்டது. மீதி டிரான்சிஸ்டரிலோ, ஒளியால் சிக்னலைக் கடத்தும் ஆப்டோகப்ளரிலோதான்.

நேர்மாறாக, சும்மா இருக்கும்போது கீ ஆகி, பேசத் தொடங்கியதும் விடுகிறதா? டி.டி.எல். மட்டத்தில் வேலை செய்யும் யு.எஸ்.பி. சீரியல் பலகையை நேராக டிரான்சிஸ்டரில் கோத்திருப்பீர்கள். பழைய ஆர்.எஸ். 232 போர்ட்டில் ஆர்.டி.எஸ். செயல்படும்போது மின்னழுத்தம் நேர் பக்கம் ஏறும். டி.டி.எல். பலகைகளில் அது தலைகீழ், ஓய்வில் மேலே, செயலில் கீழே. நடுவில் இன்னொரு டிரான்சிஸ்டர் போட்டுத் திருப்பிக்கொள்ளலாம், அல்லது ஆப்டோகப்ளரின் எல்.இ.டி.யை 5 வோல்ட்டிலிருந்து ஒரு ரெசிஸ்டர் வழியாக ஆர்.டி.எஸ். பக்கம் இழுக்கும்படி கோத்துக்கொள்ளலாம்.

சி.எம். 108 ஒலிச் சிப் உள்ள யு.எஸ்.பி. பெட்டிகளில் பி.டி.டி. வருவது அந்தச் சிப்பின் ஜி.பி.ஐ.ஓ. முனை வழியாக. லினக்ஸில் எஸ்விஎக்ஸ்லிங்க் (எக்கோலிங்க்கோடு இணையும் நிரல்) ஓட்டுகிறவர்கள் அந்தச் சாதனக் கோப்பைத் திறக்க நிரலின் பயனர் கணக்குக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். ஒலி வந்து கீ மட்டும் ஆகாமல் இருப்பதற்கு அங்கே வழக்கமான காரணம் இது.

கீ ஆகிறது, விடமாட்டேன் என்கிறது

இதற்கு மூன்று முகங்கள் உண்டு. எப்போது சிக்குகிறது என்று கவனித்தால் பாதி வேலை முடிந்தது.

பிளக்கைச் செருகிய நொடியே சிக்கினால்: சிறிய ஹேண்டிகளில் வரும் இரட்டைப் பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெரியது 3.5 மில்லிமீட்டர், சிறியது 2.5. பெரிய பிளக்கின் அடிவளையமும் சிறிய பிளக்கின் அடிவளையமும் ஒன்றோடொன்று தொட்டால் இந்த ரேடியோ கீ ஆகும். பி.டி.டி. பொத்தான் செய்வதே அவ்வளவுதான். இப்போது ஒரு பிளக்கின் தரையைக் கணினியின் மைக் ஜாக்கிலும் இன்னொன்றின் தரையை ஸ்பீக்கர் ஜாக்கிலும் கொடுத்தால், கணினிக்குள் இரண்டு தரையும் ஒன்று. ரேடியோவின் கண்ணுக்கு யாரோ பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கிறார். என் முதல் கேபிளில் ஒரு மாலை முழுவதும் இதில் போயிற்று. கணினியை அணைத்த பிறகும் சிவப்பு விளக்கு அணையவில்லை என்பதைப் பார்த்த பிறகுதான் மென்பொருளைச் சந்தேகிப்பதை விட்டேன். தீர்வு, மைக் பாதையில் 600 ஓம், ஒன்றுக்கு ஒன்று ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர். பி.டி.டி.க்கு ஆப்டோகப்ளர். குரல் கடக்கும், செம்பு தொடாது.

கணினி துவங்கும்போது மட்டும் சிக்கினால்: துவக்கத்தில் இயங்குதளம் சீரியல் போர்ட்களைத் தட்டிப் பார்க்கும், ஆர்.டி.எஸ். மேலும் கீழும் ஆடும். கணினி முழுதாக எழுந்த பிறகு ரேடியோவைப் போடுங்கள். ஆளில்லாமல் ஓடும் நோடு என்றால் ரேடியோவின் டைம் அவுட் டைமரைக் கட்டாயம் போட்டு வையுங்கள். 3 நிமிடம் போதும். மென்பொருள் உறைந்தாலும் கேபிள் பழுதானாலும் கேரியரை வெட்டுவது அது ஒன்றுதான்.

குறைந்த பவரில் ஒழுங்காக இருந்து, பவரை ஏற்றியதும் சிக்கினால்: ரேடியோவின் சொந்த அலையே கேபிளில் ஏறி இன்டர்ஃபேஸுக்குள் புகுந்து கீயைப் பிடித்துக்கொள்கிறது. சில நேரம் யு.எஸ்.பி. சாதனமே துண்டாகித் திரும்பச் சேரும் மணியோசையும் கேட்கும். டம்மி லோடில் முழுப் பவரிலும் சிக்காமல் ஆன்டெனாவில் மட்டும் சிக்கினால் சந்தேகமே வேண்டாம். முதலில் ஆன்டெனாவைக் கணினியிடமிருந்து தள்ளி வையுங்கள், மற்ற எல்லாவற்றையும் விட அது பலன் தரும். அப்புறம் யு.எஸ்.பி. கேபிளிலும் ஒலிக் கேபிளிலும் ஃபெரைட் வளையம், 144 மெகாஹெர்ட்ஸுக்கு 43 வகை. கேபிளை அதனுள் ஒரு முறை நுழைத்தால் போதாது, நான்கைந்து சுற்றுச் சுற்றுங்கள். பி.டி.டி. முனைக்கும் தரைக்கும் நடுவே 0.01 மைக்ரோ ஃபாரட் செராமிக் கெபாசிட்டர் ஒன்று. யு.எஸ்.பி. கேபிள் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது.

ஒலி சரியில்லை

எப்படிச் சரியில்லை என்பதைக் காது சொல்லும்.

உடைந்து, கரகரத்து, ஒவ்வொரு வல்லின எழுத்திலும் வெடிக்கிறது என்றால் மட்டம் அதிகம். சவுண்ட் கார்டின் வெளியீடு 1 வோல்ட் அளவுக்குப் போகும், ரேடியோவின் மைக் எதிர்பார்ப்பதோ சில மில்லிவோல்ட். கணினியில் ஸ்லைடரை 2 சதவீதத்தில் வைத்துச் சமாளிப்பது சரியான வழி அல்ல. கேபிளிலேயே 100 கிலோ ஓம், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஜோடியால் நூறில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டு ஸ்லைடரை நடுவில் வையுங்கள். டேட்டா சாக்கெட் என்றால் பல ரேடியோக்களில் 1200 முறைக்கு 40 மில்லிவோல்ட், 9600 முறைக்கு 2 வோல்ட் அளவு தேவைப்படும். மெனுவில் முறையை மாற்றினால் மட்டமும் மாறிவிடும். மட்டத்தைச் சரிபார்க்க எளிய வழி, பக்கத்து அறை ஹேண்டியில் நோடின் குரலையும், இன்னொரு ரேடியோவில் நேராகப் பேசும் குரலையும் மாற்றி மாற்றிக் கேட்பது. இரண்டும் ஒரே உரப்பில் இருக்க வேண்டும். நோடு கூடுதலாகக் கேட்டால் 5 கிலோஹெர்ட்ஸ் டீவியேஷன் (அலைவரிசை விலகல்) வரம்பைத் தாண்டுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே வரும் பக்கத்தில் மைக் பூஸ்ட், தானியங்கி மட்டக் கட்டுப்பாடு, ஒலி மேம்பாடு மூன்றையும் அணைத்துவிடுங்கள்.

தகரத்தில் பேசுவதுபோல் கீச்சென்று, இரைச்சலோடு இணையத்துக்குப் போகிறது என்றால் 4ஆம் பின்னிலிருந்து எடுக்கிறீர்கள். அது டிஸ்க்ரிமினேட்டரின் (அலையிலிருந்து ஒலியைப் பிரிக்கும் பகுதி) நேரடி ஒலி, டீ எம்ஃபசிஸ் (உயர் சுருதியைக் குறைத்தல்) ஆகாதது. 5ஆம் பின்னுக்கு மாறுங்கள். போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் மந்தமாகக் காற்றில் போகிறது என்றால் 9600 முறையில், பிரீ எம்ஃபசிஸைத் (உயர் சுருதியைக் கூட்டுதல்) தாண்டி ஒலியைச் செலுத்துகிறீர்கள். 1200 முறைக்கு வாருங்கள்.

பின்னணியில் ம்ம்ம் என்று தொடர்ந்து முரலுகிறதா? மடிக்கணினியின் சார்ஜரை உருவிப் பாருங்கள். சத்தம் சட்டென்று நின்றால் தரைச் சுழல் (இரண்டு தரை இணைப்புகளுக்கு இடையே ஓடும் மின்னோட்டம்). இரண்டு ஒலிப் பாதையிலும் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள், மேலே சொன்ன அதே வகை.

துண்டு துண்டாக வருகிறது என்றால் பெரும்பாலும் வைஃபை. எக்கோலிங்க் பயன்படுத்தும் ஜி.எஸ்.எம். கோடெக்கின் குரல் வெறும் 13 கிலோபிட், வேகம் ஒரு பிரச்சினையே இல்லை. பாக்கெட் தொலைவதும் தாமதம் ஏறி இறங்குவதும்தான் பிரச்சினை. நோடு கணினிக்கு ஈதர்நெட் கம்பியை இழுத்துவிடுங்கள். மின்சேமிப்பில் யு.எஸ்.பி.யை உறங்க வைக்கும் தேர்வையும் அணையுங்கள்.

யாரும் பேசவில்லை, லிங்க் விழுந்து விழுந்து எழுகிறது

இது உங்களுக்கு மட்டும் அல்ல, இணைந்திருக்கும் எல்லோருக்கும் தொல்லை. வாக்ஸ் (ஒலி வந்தாலே பேச்சு என்று எடுக்கும்) முறையில் உங்கள் ரேடியோவின் ஸ்குவெல்ச் மூடும்போது வரும் 'க்ஷ்' சத்தத்தைக் கணினி பேச்சு என்று நினைத்து அனுப்புகிறது. மறுமுனை நோடு அதற்குக் கீ ஆகி, விடும்போது அங்கே ஒரு 'க்ஷ்'. அது திரும்ப உங்களுக்கு வருகிறது. இரண்டும் பந்து விளையாடத் தொடங்கிவிடும். ஆன்டி தம்ப் (அந்தச் சத்தத்தைப் புறக்கணிக்கும்) நேரத்தைச் சற்று ஏற்றினால் அடங்கலாம். முறையான தீர்வு வாக்ஸைக் கைவிடுவது. டேட்டா சாக்கெட்டின் 6ஆம் பின்னில் வரும் ஸ்குவெல்ச் நிலையை இன்டர்ஃபேஸ் வழியாக சீரியல் போர்ட்டின் சி.டி.எஸ். கம்பிக்குக் கொண்டுபோய், ஆர்.எக்ஸ். (பெறும் பக்க) கன்ட்ரோலில் சீரியல் சி.டி.எஸ். தேர்ந்தெடுங்கள். அப்போது கணினி சத்தத்தை ஊகிக்க வேண்டாம், கேரியர் இருக்கிறதா என்று நேராகத் தெரியும். கூடவே சி.டி.சி.எஸ்.எஸ். தொனி (பேச்சோடு சேர்ந்து போகும் தாழ்ந்த அடையாளத் தொனி) ஒன்றை வைத்தால் எங்கிருந்தோ வரும் இரைச்சல் ஸ்குவெல்ச்சைத் திறக்காது.

உங்கள் நோடு ஒரு ரிப்பீட்டர் வழியாகப் பேசினால் இன்னொரு சிக்கல். ஆள் பேசி முடித்த பிறகும் ரிப்பீட்டரின் வால் (அணையாத கேரியர்) சில நொடி நிற்கும். அந்த நேரம் முழுக்க நோடு யாரோ பேசுகிறார் என்றே நினைத்துக்கொண்டிருக்கும். மறுமுனைக்காரர் நுழைய இடமே கிடைக்காது. பேசும்போது மட்டும் தொனி வந்து வாலில் வராதபடி ரிப்பீட்டரை அமைக்க, அதைப் பராமரிப்பவரிடம் கேளுங்கள். அவரைக் கேட்காமல் ரிப்பீட்டரில் நோடை ஏற்றவே கூடாது.

டி.டி.எம்.எஃப். எண் (பொத்தான் தொனியாக அனுப்பும் கட்டளை) ஏற்கவில்லை என்றால் உள்ளே வரும் ஒலியைக் குறைத்துப் பாருங்கள். கூட்டுவது அல்ல, குறைப்பது. மட்டம் மீறி வெட்டுப்பட்ட தொனியை டீகோடர் அடையாளம் காணாது. பேச்சின் முதல் அசை மட்டும் காணாமல் போனால் கருவியில் கோளாறு இல்லை. கீ அழுத்தி ஒரு நொடி விட்டுப் பேசச் சொல்லுங்கள், இத்தனை கண்ணிகளும் எழ அவ்வளவு நேரம் வேண்டும்.

எல்லாம் சரியான பிறகும் டம்மி லோடை உடனே கழற்ற வேண்டாம். எஃப்.எம்.மில் பேசினாலும் பேசாவிட்டாலும் கீ அழுத்திய நேரம் முழுக்க முழுப் பவர் போகும். எக்கோலிங்க்கில் மறுமுனைக்காரர்கள் மாறி மாறி இருபது நிமிடம் பேசுவார்கள், உங்கள் ரேடியோவுக்கு ஓய்வே கிடைக்காது. 50 வாட் மொபைல் ரேடியோவை 5 வாட்டில் வைத்து, டம்மி லோடு தாங்கும் அளவைப் பார்த்துக்கொண்டு, டைமருக்கு முன்னால் கீயை விட்டு விட்டு அழுத்தியபடி பத்து நிமிடம் ஓட்டுங்கள். பிறகு பின்புறம் ஹீட் சிங்கில் கையை வையுங்கள். கையை வைத்திருக்க முடிகிறது என்றால், அலைவரிசையில் யாரும் இல்லையா என்று ஒரு நிமிடம் கேட்டுவிட்டு ஆன்டெனாவை மாட்டுங்கள்.